செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவே

என் ஜாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய் உட்கார்ந்திருக்கிறானாம். நான் பிறந்த நிமிஷத்தில் வந்து உட்கார்ந்தவன், எனக்குப் பதினேழு வயதாகும்வரை எழுந்திருக்கவே இல்லை. என்னைக் கட்டுகிறவனின் ஆயுசுக்கு அது ஆகாது என்று எங்கள் ஜோசியர் சொன்னார். அவர் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன், சொன்ன விதத்தை மன்னிக்க முடியவில்லை. அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே, "பாப்பாவுக்கு எட்டுல செவ்வா. பாத்துத்தான் செய்யணும்" என்றார். வாங்கி வந்த கத்தரிக்காயில் ஒன்று சொத்தை என்று சொல்வதுபோல இருந்தது.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம் அது. தூத்துக்குடியில் வசதி உள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அப்பா கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் ஆபீஸ் திறந்திருக்க வேண்டும் என்பதால் நாங்கள் போகவில்லை. தெருவிளக்கு எரியாது. ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டால் துறைமுகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஊரே பயந்து கிடந்த அந்த இருட்டு எனக்கு மட்டும் பிடித்திருந்தது.

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஆற்றங்கரை ஊர்க்காரர். நெல் வியாபாரம். வயது முப்பத்தைந்துக்கு மேல். முதல் மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகள். அவருக்கும் செவ்வாய் தோஷம் இருந்ததுதான் அவரிடம் எங்கள் வீட்டார் கண்ட பெரிய தகுதி.

"தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போயிரும்" என்றார் ஜோசியர்.

"முத சம்சாரத்துக்கும் சாதகம் பாத்துத்தான கட்டினாவ? அவ ஏன் செத்தா?" என்று கேட்டேன்.

"வாய மூடுளா" என்றாள் அம்மா. ஜோசியர் கேட்காத மாதிரி காப்பியைக் குடித்து முடித்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். பாளையங்கோட்டைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி படிக்க வேண்டும், சொந்தச் சம்பளத்தில் சாப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். அப்பாவுக்கு அதில் அரை மனசு. எங்கள் வீட்டில் அப்பாவின் அரை மனசு எப்போதும் அம்மாவின் முழு மனசிடம் தோற்றுப்போகும். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வந்து பெண்ணைப் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். ஆக, எனக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தது.

அந்தத் தவணையில் நான் செய்ய நினைத்தது ஒன்றுதான். என்மேல் பழி போட்ட செவ்வாயை ஒரு தடவையாவது நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும்.

அப்பாவிடம் ஆபீஸ் பைனாகுலர் ஒன்று இருந்தது. எங்கள் கரை ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் கிட்டே வராமல் தொலைவிலேயே நின்றுகொள்ளும், தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அங்கே நிற்கிற கப்பலின் கொடியைப் பார்ப்பதற்காக வைத்திருந்த பைனாகுலர் அது. யுத்தத்தில் கப்பல் வரத்துக் குறைந்துபோய், அது பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். ஒருநாள் அந்தி மயங்கியதும் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். சூரியன் போன வழியிலேயே, மேற்கே பனைகளுக்கு ஒரு சாண் மேலே, மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது.

இவனா? எங்கள் வீட்டில் இத்தனை அழுகைக்கும் காரணம் இந்தச் சோனிப்பயலா? "நீயா என்னக் கெடுக்கப் போற?" என்று வாய்விட்டே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் பனைகளுக்குள் இறங்கி மறைந்தான். எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஒரு எதிரி என்றால் கொஞ்சமாவது லட்சணமாக இருக்க வேண்டாமா?

இறங்கிப் போக மனமில்லாமல் கடல் பக்கம் திரும்பினேன். தென்கிழக்கே கடலுக்கு மேலே நட்சத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாதவையெல்லாம் பைனாகுலரில் தெரிந்தன. எனக்கு அவற்றின் பெயர்கள் தெரியாது, ஆனால் கோலப் புள்ளி நன்றாகவே தெரியும். எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி நேர், எது ஊடுபுள்ளி என்று ஒரு பார்வையில் மனதில் நிற்கும். மாடி மூலையில் வெள்ளையடித்து மிஞ்சிய சிப்பிச் சுண்ணாம்பு ஒரு சட்டியில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்து, குச்சியால் தொட்டு, பார்த்த புள்ளிகளைப் பார்த்தபடியே தரையில் வைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோலப்பொடி எந்த மூலைக்கு? சுண்ணாம்பு மட்டும்தான் நின்றது.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முத்துச்சிப்பி கிடக்கிற பாறைத்திட்டான பார் கடலுக்கடியில் இருப்பது, மேலே ஒரு அடையாளமும் கிடையாது. தோணிக்காரர்கள் கரையிலிருக்கிற மாதா கோயில் உச்சியையும் ஒரு பனையையும் ஒரே நேராகக் கொண்டுவருவார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டை அதேபோல நேராக்கி, இரண்டும் பொருந்துகிற இடத்தில் நங்கூரம் போடுவார்கள். அப்பா வாயால் இதைக் கேட்டிருந்த நான், மாடிக் கைப்பிடிச் சுவரின் தூணையும் எதிர்வீட்டுத் தென்னையையும் நேராக்கி ஒரு புள்ளிக்கு அடையாளம் வைத்தேன். மறுநாள் கொஞ்சம் பிந்தி ஏறிப் பார்த்தால் அத்தனை புள்ளியும் இடம் மாறிவிட்டது! எல்லாமே கிரகம்தான் போல என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தேன். கடலில் பார் அசையாது. வானம் முழுக்க அசைந்துகொண்டிருக்கிறது என்பது சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் தூணையும் தென்னையையும் விட்டுவிட்டு, புள்ளிக்குப் புள்ளியை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று தப்பியது. மற்றதெல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் பக்கத்துப் புள்ளியை விட்டு மேற்கே நகர்ந்திருந்தது. நான்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து அழிக்கப் போனேன். பிறகு வீம்பாக அழிக்காமல் விட்டு, புது இடத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் அது இன்னும் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் நகர்ந்தது. என் கை தப்பவில்லை. அந்தப் புள்ளி நடந்துகொண்டிருந்தது!

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் வானத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் இருந்தது. நட்சத்திரம் போலவே தெரியும், ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் சிறிய கிரகங்கள் ஏராளம் உண்டு என்று அதில் போட்டிருந்தது. அவை எங்கே சுற்றுகின்றன என்று எழுதியிருந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்.

எங்கள் வீட்டுப் பேச்சில் செவ்வாய் என்றால் கல்யாணத்தைக் கெடுக்கிறவன். வியாழன் என்றால் குரு, கல்யாணத்தைக் கொடுக்கிறவன். 'குரு பலன் வந்துட்டா?' என்று அம்மா ஜோசியரைக் கேட்காத மாதம் இல்லை. கெடுக்கிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நடுவே, இரண்டு பேருக்கும் பிடிகொடுக்காமல், ஒன்று தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பஞ்சாங்கத்தில் அதற்கு இடமில்லை. அதற்காக அது சுற்றாமல் இருக்கவில்லை. எனக்கு அதன்மேல் அப்படி ஒரு ஆசை வந்துவிட்டது.

தினமும் விளக்கு வைத்ததும் மாடியேறினேன். ஒருநாள், விமானக் குண்டுவீச்சுக் காவலுக்குப் போட்டிருந்த ஏ.ஆர்.பி. வார்டன் தெருவில் நின்று, "ஏளா, மேல யாரு? சப்பான்காரனுக்கு சிக்னலா குடுக்க?" என்று கத்தினார்.

"அவன் வந்தா ஒங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன் அண்ணாச்சி" என்றேன். அவர் வாசலில் நின்று அப்பாவிடம் ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். அதன்பின் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பொம்பளப் பிள்ள அந்தி நேரம் தலைய விரிச்சுப் போட்டுட்டு மாடில நின்னு வானத்தப் பாத்தா பாக்கிறவுக என்ன சொல்லுவாவ? அடங்காப்பிடாரி! எதுக்குத்தான் நீ அடங்குவ?"

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா என்னை அப்படித்தான் திட்டுவாள். ஆனால் அன்றைக்கு அது நல்ல பெயராகப் பட்டது. மாடியேறி, நகர்ந்துகொண்டிருந்த அந்தப் புள்ளிக்கு அதையே வைத்தேன்.

ஆவணி பிறந்தது. மாப்பிள்ளையின் அக்காவும் இரண்டு ஆண்களும் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அந்த வீட்டில் எல்லாம் அக்கா வைத்ததுதான் சட்டம் என்று ஜோசியர் முன்பே சொல்லியிருந்தார். அவரும் பஞ்சாங்கத்தோடு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவையைச் சுற்றி என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேசரி தட்டோடு நின்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாட வருமா?" என்று கேட்டாள்.

"வராது. வேணும்னா ஒரு கிரகம் காட்டுதேன்" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்குப் புரியவில்லை. "என்ன கிரகம்?"

"இவுக பஞ்சாங்கத்துல இல்லாத கிரகம். அத விட்டுட்டுத்தான் என் சாதகத்த எழுதியிருக்காவ. ஒண்ண விட்டுட்டு எழுதினது முழுச் சாதகம் ஆகுமா?"

ஜோசியர் சிரித்தார். "கிரகம் ஒன்பதுதான் பாப்பா. அதுக்கு மேல கிடையாது."

"அப்ப மேல வந்து பாருங்க."

அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். ஆனால் அக்கா எழுந்துவிட்டாள். கிரகம் என்ற வார்த்தையைக் கேட்டபிறகு அவளால் உட்கார முடியாது. ஜோசியரும் வேறு வழியில்லாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். இருட்டிக்கொண்டு வந்தது. பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, முதலில் தரையில் இருந்த சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டினேன். அசையாத புள்ளிகளையும், அவற்றுக்கு நடுவே ஆடி மாதம் முழுக்க நடந்து போன ஒன்றின் தடத்தையும் காட்டினேன். பிறகு வானத்தைக் காட்டினேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். அந்த மனுஷரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். கண்ணால் பார்த்ததை அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"நட்சத்திரம் நகராது" என்று மெதுவாகச் சொன்னார். "நகருதுன்னா அது கிரகந்தான்."

"எங்கன நிக்கு?" என்றாள் அக்கா.

"மகரத்துல."

"மகரமா? தம்பிக்கு மகர ராசில்லா!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சத்தியமாக இதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இதுக்குப் பேரு என்ன? என்ன செய்யும்? பரிகாரம் உண்டா?" என்று ஜோசியரைப் பிடித்து உலுக்கினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பேரு அடங்காப்பிடாரி" என்றேன். "பரிகாரம் கிடையாது."

அவள் படியிறங்கிய வேகத்தில் மரப்படிகள் அதிர்ந்தன. கேசரியை யாரும் தொடவில்லை. மாற்றுவதற்காக வைத்திருந்த வெற்றிலை பாக்குத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து, "வேலில போன ஓணான மடில எடுத்து விட்டுட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாக இருந்தது. நான் நினைத்தது வேறு. அந்தப் புள்ளியைப் பார்த்ததும், அட, நமக்குத் தெரியாதது இத்தனை இருக்கிறதே, ஒரு பெண்ணின் தலையெழுத்தை இந்த அரைகுறைக் கணக்கை வைத்தா எழுதுவது என்று அவர்கள் யோசிப்பார்கள் என எண்ணியிருந்தேன். அவர்களோ ஒன்பது பயத்தோடு பத்தாவதாக ஒரு பயத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். என் கிரகத்தைப் பேயாக்கிவிட்டார்கள்.

செய்தி ஊரில் பரவியது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் "பத்தாம் கிரகத்துக்காரி வாரா" என்று குசுகுசுத்தார்கள். வரன் ஒன்றும் வரவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பைனாகுலரை மட்டும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நானும் மாடியேறுவதை நிறுத்தவில்லை. புரட்டாசியில் அடங்காப்பிடாரியின் நடை தளர்ந்தது. சில நாள் ஒரே இடத்தில் நின்றது. பிறகு திரும்பி, வந்த திசைக்கே கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. சுண்ணாம்புத் தடம் கொண்டை ஊசி போல வளைந்திருந்தது.

புரட்டாசி முடிகிற சமயம் ஜோசியர் வந்தார். அவராகவே வந்தார். அப்பாவின் எதிரே உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, அந்தக் கிரகம் மாசாமாசம் எங்கன நிக்குன்னு பாப்பா எனக்குச் சொல்லிட்டா போதும். செவ்வா தோஷத்த இது நிவர்த்தி பண்ணிட்டுன்னு நானே சாதகத்துல எழுதித் தாரேன். அப்புறம் பாருங்க, முதல் தாரமாவே நல்ல எடம் வரும்."

அம்மாவின் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத வெளிச்சம் வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து என் ஜாதகத்தை எடுத்து வந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள்.

"ஒங்களுக்கு அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"மேலத்தெருவுல ஒரு பிள்ளைக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தும் தட்டிப் போகுது. காரணம் பிடிபடல. இதுதான் எங்கயோ நின்னு தடுக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

எனக்குப் புரிந்துவிட்டது. என் தலையிலிருந்து ஒன்றை இறக்கி வைப்பார், என் கிரகத்தை எடுத்து மேலத்தெருப் பெண்ணின் தலையில் ஏற்றி வைப்பார். அவளுக்குப் பின் இன்னொருத்தி. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் தன்பாட்டுக்கு நடந்து போகிற ஒன்றை, ஊரிலுள்ள பெண்கள் வீட்டுக்கெல்லாம் அனுப்பி வைக்கப் போகிறார். அதற்கு நான் வழி சொல்ல வேண்டும்!

"சொல்லு ஏளா" என்று அம்மா கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செவ்வாய் அன்றைக்கே எழுந்து போயிருப்பான்.

"எங்கன நிக்குன்னுதான தெரியணும்? ஒங்க பேனாவத் தாங்க" என்றேன்.

அவர் ஆவலோடு நீட்டினார். ஜாதகத்தை வாங்கித் தரையில் விரித்தேன். சுற்றிலும் பன்னிரண்டு வீடு. நடுவில் 'ராசி' என்று எழுதிவிட்டுச் சும்மா விட்டிருக்கும் பெரிய கட்டம். அந்தச் சும்மா கட்டத்தில் மையை நன்றாக அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன்.

"இங்கன நிக்கு. எந்த வீட்டுலயும் இல்ல. இனிமே யாரு சாதகத்துல எழுதினாலும் இங்கனதான் எழுதணும். செவ்வாயும் அவன் வீட்டுலயே இருக்கட்டும், நீங்க ஒண்ணும் நிவர்த்தி பண்ண வேண்டாம். இல்லாத தோஷத்துக்கு நிவர்த்தி எதுக்கு?"

"ஐயோ, சாதகத்தக் கெடுத்துட்டாளே! இனி இத யாருகிட்ட காட்ட?" என்றாள் அம்மா.

"யாருகிட்டயும் காட்ட வேண்டாம்மா."

ஜோசியர் பேனாவைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அவர் காப்பியை முழுசாகக் குடிக்கவில்லை. அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மை ஊறிப் பரவி, புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது. பிறகு எத்தனையோ நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாளையங்கோட்டைல எப்பச் சேக்காவ?"

அடுத்த சேர்க்கைக்குப் போனேன். அங்கே நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றில், சிறு கிரகங்கள் அந்த வருஷம் நின்ற இடங்களைப் போட்டிருந்த அட்டவணையை வைத்து என் கிரகத்தைக் கண்டுபிடித்தேன். நான் பார்ப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே ஒரு ஜெர்மன் டாக்டர் தன் வீட்டு மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாராம். முதலில் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம், அவர் கண்டுபிடித்தது அவருக்கு, நான் கண்டுபிடித்தது எனக்கு என்று மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே படித்தேன். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகுமாம். பெயர் வைக்கும் உரிமையை டாக்டர் தான் வைத்துக்கொள்ளாமல், அதன் பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன கணித நிபுணருக்குக் கொடுத்துவிட்டாராம். அந்த மனுஷர் வைத்த பெயர் வெஸ்டா. ரோமாபுரிக்காரர்களின் அடுப்புத் தெய்வம்.

அடுப்பா? எந்த அடுப்பிலிருந்து தப்பித்து நான் மாடிக்கு ஓடினேனோ அதே அடுப்பா? கோபத்தில் புத்தகத்தை மூடப் போனேன். கீழே இன்னொரு வரி இருந்தது. அந்தத் தெய்வத்தின் நெருப்பைக் காக்கிற பெண்கள் அந்தப் பொறுப்பில் இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதாம். நான் சிரித்த சிரிப்பில் நூலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் பெயரை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பாதையைக் குறித்தவருக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை என்றால், தூத்துக்குடி மாடியில் அதைச் சுண்ணாம்பால் குறித்தவள் நான். எனக்கு அது அடங்காப்பிடாரிதான்.

வாத்தியார் வேலை பார்த்து, சொந்தச் சம்பளம் வாங்கி, முப்பது வயதில் நானாகவே கல்யாணம் செய்துகொண்டேன். உடன் வேலை பார்த்தவர். ஜாதகம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் காட்டுகிற நிலையில் அது இல்லை. அம்மா மட்டும் தாலி கட்டுகிற நிமிஷம்வரை அவர் முகத்தையே பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் போன மாதம் எண்பத்திரண்டு முடிந்தது. எட்டாம் வீட்டுக்காரன் இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று தெரியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட எதிரே உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.